'உங்கள் பொறுமைக்கு நன்றி': ஒரு வரியைப் பற்றிச் சில குறிப்புகள்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில அம்மா போன் பண்ணாங்க. திருவொற்றியூர் வீட்டிலிருந்து. போன்ல ஏதோ பணம் கட்டியிருக்காங்க. வங்கிக் கணக்கில் பணம் கழிஞ்சுபோச்சு, ஆனா போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகலை. நடுவுல நின்னுடுச்சு. திரையில என்ன எழுதியிருக்கு, படிங்கன்னேன். அம்மா எழுத்துக்கூட்டி நிதானமா படிச்சாங்க: "உங்கள் பரிவர்த்தனை செயலாக்கத்தில் உள்ளது. உங்கள் பொறுமைக்கு நன்றி."

படிச்சு முடிச்சு ரெண்டு விநாடி சும்மா இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏண்டா, நான் பொறுத்துக்கறேன்னு இவங்கிட்ட எப்போ சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு போயும் போச்சு. ஏன்னா, நான் வேலை செய்யற கம்பெனியிலயும் இதே மாதிரி ஒரு ஆப் இருக்கு. அதோட தமிழ் வரிகளைச் சரிபார்த்தவன் நான்தான். ஆங்கில வரி ஒரு பக்கம், தமிழ் வரி ஒரு பக்கம்னு வந்த எக்செல் ஷீட்டில் 'தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்' என்பதற்கு எதிரே 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இருந்தது. ஓகே போட்டவன் நான். இலக்கணப் பிழை இல்ல, எழுத்துப் பிழை இல்ல. வேற என்ன பார்க்கணும்?

அம்மா கேட்டது அந்த 'வேற என்ன' பற்றிய கேள்வி. ஒரு மாசமா அது தலைக்குள்ள ஓடிட்டு இருக்கு. நான் மொழியியல் படிச்சவன் இல்ல, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். அகராதியைப் புரட்டுறது மட்டும் ரொம்ப நாள் பழக்கம். புரட்டினதில் கிடைச்சதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. ஆங்கிலத்துல பொறுமை ஒரு இருப்பு

என் பொண்ணுக்கு ஸ்கூல்ல 'கொலோகேஷன்'னு ஒரு பாடம் நடத்தறாங்க. எந்தச் சொல்லோட எந்தச் சொல் சேர்ந்து வரும் என்கிற பாடம். ஸ்ட்ராங் டீன்னு சொல்லலாம், பவர்ஃபுல் டீன்னு சொல்லக்கூடாது. ஏன்னு கேட்டா பதில் கிடையாது, வழக்கம் அப்படி. ஒரு சொல்லோட பொருளை அது யாரோட சேர்ந்து திரியுதுன்னு பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு 1957இல் ஜே. ஆர். ஃபர்த் என்கிற பிரிட்டிஷ் மொழியியலாளர் எழுதினார். 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் 'வேர்ட்டுவெக்' செய்தபோது அடிப்படை யோசனை இதேதான்: ஒரு சொல்லைச் சுத்தி இருக்கிற சொற்களை வச்சு அந்தச் சொல்லுக்கு எண்களாலான ஒரு முகவரி கொடுக்கிறது. நம்ம ஊர்ல பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்னு சொல்றதும் இதுக்குக் கிட்டத்தட்ட பொருந்தும்.

'பேஷன்ஸ்' என்ற சொல் ஆங்கிலத்துல யாரோட திரியுதுன்னு பொண்ணும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். ஹேவ் பேஷன்ஸ், லூஸ் பேஷன்ஸ், ரன் அவுட் ஆஃப் பேஷன்ஸ். அப்புறம் பேஷன்ஸ் வேர்ஸ் தின், அதாவது துணி மாதிரி நைஞ்சுபோகுது. டிரை ஸம்ஒன்ஸ் பேஷன்ஸ், இது உரசிப் பார்க்கிறது. இன்ஃபினிட் பேஷன்ஸ், இது அள்ள அள்ளக் குறையாதது.

இதையெல்லாம் சேர்த்து வச்சுப் பார்த்தா ஒரு படம் கிடைக்குது. ஆங்கிலத்துல பொறுமை என்பது கையிருப்பு. வீட்ல அரிசி மாதிரி. இருக்கும், குறையும், தீரும். ஒருத்தர்கிட்ட மூட்டையா இருக்கும், இன்னொருத்தர்கிட்ட படிகூட இருக்காது. இருப்பு என்றால் கொடுக்கலாம், வாங்கலாம். வாங்கினா நன்றி சொல்லலாம். அதனாலதான் 'தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்' அந்த மொழியில உறுத்தல. உன் மூட்டையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கிட்டேன், நன்றி. அவ்வளவுதான்.

2. தமிழ்ல அது ஒரு பாரம்

தமிழ்ல 'பொறு' என்றால் என்னன்னு எனக்குப் புரிஞ்சது அகராதியில இல்ல, மாடிப்படியில. சில வருஷம் முன்னாடி அம்மா வீட்டு இரும்பு பீரோவை மேல் மாடிக்கு ஏத்தினோம். மேல ரெண்டு பேர், கீழ நானும் மாமா பையனும். திருப்பத்துல பீரோ சாய்ஞ்சு முழு எடையும் கீழ இருக்கிறவங்க மேல வந்துடுச்சு. மேல இருந்து கத்துறாங்க: "பொறு! பொறு! பொறு!"

அந்தக் கத்தலுக்கு என்ன பொருள்? 'கொஞ்சம் நில்லு' என்பதா, 'எடையைத் தாங்கிப் பிடி' என்பதா? ரெண்டும்தான். அந்த நேரத்துல நிக்கறதும் தாங்கறதும் ஒரே வேலை. 'வெயிட் பண்ணு'ன்னு கத்தியிருந்தா பாதிப் பொருள்தான் வந்திருக்கும்.

பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை (1924–36) திறந்து 'பொறை' பார்த்தேன். பாரம், மலை, பூமி, கருப்பம், பொறுமை என எல்லாம் ஒரே சொல்லின் கீழே. எல்லாமே எடை சம்பந்தப்பட்டது. சேர மன்னர்களுக்குப் 'பொறையன்', 'இரும்பொறை' என்று பேர் வந்ததை மலையோட சேர்த்துத்தான் சொல்றாங்க. பழைய சாலைகளின் ஓரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. ரெண்டு கல் நட்டு மேல ஒரு கல் படுக்க வச்சிருக்கும். தலைச்சுமையோட நடக்கிறவங்க யார் உதவியும் இல்லாம சுமையை அதில் இறக்கி வச்சு இளைப்பாறலாம். வயித்துல பிள்ளையோட இறந்துபோன பெண்ணின் நினைவா அந்தக் கல்லை நடற வழக்கம் தமிழ்நாட்டுல உண்டு. இறக்கி வைக்க முடியாமப் போன ஒரு சுமைக்காக, மத்தவங்க சுமையை இறக்கி வைக்க ஒரு கல். 'பொறை'க்குக் கருப்பம்னும் ஒரு பொருள் இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது.

'பொறு'வின் மற்ற பிள்ளைகளையும் பாருங்க. 'பொறுப்பு' அங்கிருந்து வந்தது: யார் சுமக்கிறாங்களோ அவங்க பொறுப்பு. 'மழையைப் பொறுத்தது' என்கிறோம்: ஒண்ணு இன்னொண்ணின் மேல எடையை வச்சு நிக்குது. இதுக்கு ஆங்கிலத்துல இருக்கிற 'டிபெண்ட்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்குதல்னு பொருள். அவங்களுக்குத் தொங்குது, நமக்கு உட்கார்ந்திருக்கு. அப்புறம் 'பொறாமை'. பொறுமைக்கும் பொறாமைக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம்னு சின்ன வயசுல கிண்டல் பண்ணுவோம். ஆனா அது கிண்டல் இல்ல, நேரடி இலக்கணம். பொறாமை என்றால் பொறுக்காமை. அடுத்தவன் நல்லா இருக்கிறதைத் தாங்க முடியாமை. ('பொறுக்கி' மட்டும் இந்தக் குடும்பம் இல்ல. அது 'பொறுக்கு' என்ற வேற வினை. வம்புக்கு யாரும் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்.)

ஆங்கிலத்துக்கும் நியாயமா ஒண்ணு சொல்லணும். 'பேஷன்ஸ்' வந்த லத்தீன் வேருக்குத் துன்பப்படுதல்னு பொருள். 'பேஷன்ட்'டும் அதே வேர். ஆஸ்பத்திரி வராண்டாவுல பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவர் ரெண்டு அர்த்தத்துலயும் பேஷன்ட்தான். ஆக, அவங்க சொல்லும் வலியிலிருந்துதான் கிளம்பியது. ஆனா புழக்கத்துல வலி மறைஞ்சு, இருப்பு மட்டும் நின்னுபோச்சு. தமிழ்ல பாரம் இன்னும் மறையலை. அம்மா "பொறுமை" என்ற சொல்லைப் படிச்சதும் "பொறுத்துக்கறேன்" என்ற வினைக்குத் தாவினதைக் கவனிங்க. பெயர்ச்சொல்லுக்கு உள்ளே ஒரு வேலை இருக்கு, அதை யாரோ செய்யணும்னு அவங்க காதுக்கு உடனே கேட்டுடுச்சு.

3. எதிர்ச்சொல் எது?

ஒரு சொல்லோட கூட்டாளிகளைப் பார்த்தாச்சு. எதிரிகளையும் பார்க்கணும். பொறுமைக்கு எதிர்ச்சொல் என்னன்னு கேட்டா நாலு இடத்துல நாலு பதில் கிடைக்குது.

முதல் இடம் திருக்குறள். 16ஆவது அதிகாரம், பொறையுடைமை, 151 முதல் 160 வரை. தன்னைத் தோண்டுறவனையே தாங்கி நிக்கிற நிலம்தான் அதன் முதல் உவமை. எல்லாருக்கும் அது தெரியும், மேலே போறதில்ல. நான் கவனிச்சது 155, 156. அங்கே பொறுத்தவருக்கு எதிரே நிறுத்தப்படுறவர் அவசரக்காரர் இல்ல, ஒறுத்தவர். அதாவது தண்டிச்சவர். தண்டிக்க முடிஞ்சவர்தானே தண்டிக்காம விட முடியும்? வள்ளுவர் இதை வலிமைன்னு சொல்றதும் அதனாலதான். கையில அதிகாரமோ பலமோ இருக்கிறவன் அதைப் பயன்படுத்தாம நிறுத்திக்கிறது பொறை.

ரெண்டாவது இடம் பழமொழி. பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார். இங்கே எதிரி பொங்குதல். தண்டிக்கும் பலம் இருக்கா இல்லையான்னு கேள்வியே இல்ல, கொதிக்காதே என்பதுதான் அறிவுரை. 'மனோகரா' (1954) படத்துல கண்ணாம்பா மகனைப் பார்த்துப் பேசுற அந்த வசனம் இன்னைக்கும் எல்லார் வாயிலயும் இருக்கு. பொறுத்ததையும் பொங்குவதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பழமொழியைத் தலைகீழாத் திருப்பிப் போட்ட வசனம் அது. கலைஞர் புதுசா ஒரு எதிர்ச்சொல் தேடலை. ஊர் ஏற்கெனவே வச்சிருந்த ஜோடியையே எடுத்துத் திசையை மாத்தினார். அது அவ்வளவு தூரம் பாஞ்சதுக்கு அந்தப் பழக்கமான ஜோடியும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

மூணாவது இடம் எங்க ஏரியா. ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் "பொறுமையா போ"ன்னா மெதுவா போன்னு அர்த்தம். கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசை கட்டி நிக்கிற எக்ஸ்பிரஸ் ரோட்டுல பைக் எடுத்துட்டுக் கிளம்பற யாருக்கும் வீட்ல சொல்ற வார்த்தை இதுதான். "பொறுமையா சாப்டு", "பொறுமையா சொல்லு", "பொறுமையா எறங்கு". திருநெல்வேலிக்காரர் 'பைய' என்று சொல்ற இடத்துல நாங்க 'பொறுமையா'. இங்கே எதிர்ச்சொல் வேகம். சுமையும் இல்ல, கோபமும் இல்ல. சொல்றவங்க குரல்ல ஒரு அக்கறை மட்டும் இருக்கும்.

நாலாவது, முன்னாடியே பார்த்த பொறாமை. சொல்லின் வடிவத்துலயே உட்கார்ந்திருக்கிற எதிரி.

ஒறுத்தல், பொங்குதல், வேகம், பொறாமை. நாலு எதிரி என்றால் நாலு பொறுமை. ஆப் வரி இதில் எந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லுது? அம்மா பணம் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கு யாரையும் ஒறுக்கிற பலம் இல்ல, அதனால முதல் வகை இல்ல. 'பொறுமையா வாங்கம்மா' என்கிற அக்கறையும் அந்த வரியில இல்ல. பொறாமைக்கு அங்கே வேலையே இல்ல. மிச்சம் ஒண்ணுதான்: பொங்காம இருக்கிறதுக்கு முன்கூட்டியே நன்றி.

4. கடன் வாங்கின பொறுமைகள்

இந்த இடத்துல 'ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினது, அதனால கெட்டது'ன்னு முடிச்சுட்டா சுலபம். ஆனா அது உண்மை இல்ல. ராயபுரம் பக்கம் கிறிஸ்தவ வீடுகள்ல 'நீடிய பொறுமை' என்று ஒரு சொல்லிணை கேட்கும். தமிழ் பைபிளிலிருந்து வந்தது. கோபத்தை நீள விடறது என்ற கருத்துடைய கிரேக்கச் சொல், ஆங்கில பைபிளில் 'லாங் ஸஃபரிங்' ஆகியிருக்கு, தமிழில் 'நீடிய பொறுமை' ஆகியிருக்கு. சர்ச்சுக்கு வெளியே யாரும் 'நீடிய பொறுமை' என்று பேசறதில்ல. ஆனா உள்ளே அது தழுவல் மாதிரியே தோணாது. தலைமுறை தலைமுறையா ஜெபத்துல சொல்லிச் சொல்லிச் சொந்தச் சொல் ஆயிடுச்சு.

மண்ணடிப் பக்கம் முஸ்லிம் நண்பர் வீட்டுத் துக்கத்துக்குப் போனா 'சபூர் செய்யுங்க' என்பாங்க. அரபுச் சொல். இழப்பை ஏத்துக்கிட்டு நிலை தடுமாறாம இருக்கறது என்று பொருள். 'பொறுமையா இருங்க'ன்னு அந்த இடத்துல சொன்னா சரியா வராது. எதுக்காகக் காத்திருக்கணும், போனவர் வரப்போறதில்லையே.

ஏன், 'பேஷன்ஸ்' என்ற சொல்லே நம்ம பேச்சுல குடியேறியாச்சு. ஆபீஸ்ல "எனக்கு இப்போ பேஷன்ஸ் இல்லப்பா" என்கிறோம். இது 'அவனுக்குப் பொறுமையே கிடையாது' என்பதிலிருந்து வேற. பின்னது குணத்தைப் பற்றியது. முன்னது இன்னைக்கு இருப்பு தீர்ந்துபோச்சு என்பது. ஆங்கிலத்தின் மூட்டை உருவகத்தை ஆங்கிலச் சொல்லோடயே சேர்த்து இறக்குமதி பண்ணிட்டு, தமிழ்ச் சொல்லை அதன் பழைய வேலைக்கு விட்டுவச்சிருக்கோம். எந்த அகராதிக்காரரும் சொல்லிக்கொடுக்காம நடந்த பாகப்பிரிவினை. நல்லாத்தான் பிரிச்சிருக்காங்க.

ஆகவே கடன் வாங்கினது என் புகார் இல்ல. யார் யார்கிட்ட சொல்றாங்க, சொல்றவர் அந்த வாக்கியத்துல எங்கே நிக்கிறார் என்பதுதான் புகார்.

5. வாக்கியத்துல ஆள் எங்கே?

நாற்பது தாண்டினவங்களுக்குத் தூர்தர்ஷன் ஞாபகம் இருக்கும். ஒளிபரப்பு நின்னுபோனா திரையில ஒரு அட்டை வரும்: தடங்கலுக்கு வருந்துகிறோம். சாலை தோண்டிப் போட்ட இடத்துல பலகை: சிரமத்திற்கு வருந்துகிறோம். எத்தனையோ தடவை திட்டிக்கிட்டே அந்த வரியைப் பார்த்திருக்கோம். ஆனா இப்போ அதை இலக்கணமாப் பாருங்க. 'வருந்துகிறோம்'. கடைசியில அந்த 'ஓம்' இருக்கே, அதுல ஆள் இருக்காங்க. நாங்க செஞ்சோம், நாங்க வருந்துறோம். தடங்கல் என்ற சொல்லும் இருக்கு. தப்பு எங்கேன்னு ஒத்துக்கிட்டாச்சு. மனசாரவா என்பது வேற விஷயம், வாக்கியம் ஒத்துக்கிட்டது.

'உங்கள் பொறுமைக்கு நன்றி'யில் வினையே கிடையாது. 'ஓம்' கிடையாது. தடங்கலும் காணோம். அந்த வாக்கியத்துல இருக்கிற ஒரே ஆள் 'நீங்கள்'. பணம் மாட்டிக்கிட்டவர் மட்டும் வாக்கியத்துக்குள்ள நிக்கிறார், மாட்டவிட்டவர் வெளியே போயிட்டார்.

நன்றி என்பது நம்ம வழக்கத்துல நடந்து முடிஞ்ச காரியத்துக்குச் சொல்றது. உதவிக்கு நன்றி, வருகைக்கு நன்றி. இங்கே இன்னும் கொடுக்காத ஒண்ணுக்கு ரசீது முன்னாடியே வந்துடுது. ரசீது கையில வந்த பிறகு 'நான் கொடுக்கலையே'ன்னு சொல்றது கஷ்டம். அம்மா சொன்னாங்க.

இன்னொரு பழைய வழக்கமும் நம்மகிட்ட இருந்தது. 'பிழை இருந்தால் பொறுத்தருளவும்' என்று கடிதத்துல எழுதுவாங்க. விசேஷத்துல சாப்பாடு தாமதமானா, வீட்டுப் பெரியவர் பந்திக்கு வந்து "கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்பார். இதுலயும் பொறுமைதான் கேட்கப்படுது. ஆனா கேட்கிறவர் தாழ்ந்து நிக்கிறார், பிழை தன்னோடதுன்னு சொல்றார், எதிராளிக்குப் 'பொறுக்க முடியாது'ன்னு சொல்ற உரிமையை விட்டுவைக்கிறார். வள்ளுவர் சொன்ன பொறைக்கு இது கிட்டத்துல இருக்கு: ஒறுக்கலாம், ஆனா விட்டுடறேன். ஆங்கிலத்துலயும் இதுக்கு இணை இருக்கு. 'பேர் வித் அஸ்'. அந்த 'பேர்' என்ற வினைக்கும் சுமத்தல்தான் பொருள், 'பொறு' மாதிரியே. 'அஸ்' என்ற ஆளும் உள்ளே இருக்கார். எக்செல் ஷீட்டுல அந்த வரி இருந்திருந்தா தமிழும் தானா சரியா வந்திருக்கும்.

இதோட ஒப்பிட்டா 'பொறுமை காக்கவும்' இன்னொரு ரகம். காக்க என்ற வினை மானம், ரகசியம், மரபு என்று பலதோடயும் சேரும். ஆனா ஒலிபெருக்கியிலயும் அறிவிப்புப் பலகையிலயும் மக்களைக் காக்கச் சொல்றது பெரும்பாலும் மூணைத்தான்: அமைதி, மௌனம், பொறுமை. மூணுமே வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கு வேற வேற பேர். பத்திரிகைத் தலைப்புகள்ல இதன் மறுபக்கம் வரும்: பொறுமை இழந்த மக்கள் சாலை மறியல். மக்கள் எப்பவும் பொறுமையை இழக்கிறாங்க. அதிகாரிகள் பொறுமை இழந்ததா ஒரு தலைப்பும் நான் படிச்ச ஞாபகம் இல்ல. அவங்க 'நடவடிக்கை எடுப்பாங்க'.

6. எண்ணூரில் அந்தச் சொல்லின் எடை

இதையெல்லாம் வெறும் சொல் விளையாட்டா எழுதிட்டுப் போக முடியாத ஒரு இடத்துல நான் வளர்ந்தேன்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் என்று கரையெல்லாம் பரவினது. ஆளுங்க பக்கெட்டால அள்ளின படம் நாடு முழுக்க வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்துக்குள்ள வந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அதே மாசம் 26ஆம் தேதி நள்ளிரவுல கடலுக்கு அடியில போற குழாயிலிருந்து அம்மோனியா கசிஞ்சு, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்க தூக்கத்துல எழுந்து குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்துல அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து சேர்ந்து ஆழம் குறைஞ்ச கதை அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது.

ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து பொறுமையா இருங்கன்னு சொல்றாங்க. ஊர்க்காரங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. 'பொறுமை' என்ற பெயர்ச்சொல்லை அவங்க தொடறதே கம்மி. வினையாத்தான் வரும். "எவ்ளோ நாள் பொறுத்துப்போறது." "பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாச்சு." இந்தப் 'பொறுத்துப்போ' என்கிற கூட்டுவினையைத் தனியா கவனிக்கணும். புகுந்த வீட்டுல கஷ்டப்படுற பொண்ணுக்கும், முதலாளிகிட்ட அவமானப்பட்ட தொழிலாளிக்கும், புகைக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்கும் சொல்ற சொல் இது. சகிச்சுப்போ, அனுசரிச்சுப்போ என்று இதுக்குச் சகோதரிகள் உண்டு. மூணுலயும் அந்த 'போ' இருக்கு. தாங்கிக்கிட்டு அப்படியே நடந்துகிட்டே இரு, இறக்கி வைக்கிற கல் எதுவும் வழியில கிடையாது.

தோண்டுறவனைத் தாங்குற நிலம் என்ற உவமையை மேடையில கேட்கும்போது எனக்கு இப்பல்லாம் எண்ணூர் நிலம்தான் கண்ணுல வருது. வள்ளுவர் சொன்னது, தன்னை இகழ்றவனைத் திருப்பி அடிக்க முடிஞ்ச மனுஷனுக்கு. வேற வழியே இல்லாம தாங்கிக்கிட்டு இருக்கிற கழிமுகத்துக்கும் அதன் கரையில இருக்கிற குப்பத்துக்கும் அந்தக் குறளைப் பொன்னாடை மாதிரி போர்த்தறது குறளுக்கும் அநியாயம், குப்பத்துக்கும் அநியாயம். காசிமேட்டுல ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தத் தடைக்காலத்தை யாரும் 'பொறுத்துப்போறோம்' என்று சொல்லிக் கேட்டதில்ல. வருமானம் இல்லாத கஷ்டம் கஷ்டம்தான், ஆனா அவங்க சொல்ற சொல் 'காத்துக்கிட்டு இருக்கோம்'. முடியுற தேதி தெரியும். மீன் பெருகும்னு காரணம் தெரியும். தேதியும் காரணமும் இருந்தா அது காத்திருப்பு. ரெண்டும் இல்லைன்னா பொறுத்துப்போறது. சொல்லைப் பிரிச்சு வச்சிருக்கிறது ஜனங்கதான், நாம அதைக் கவனிக்காம எல்லாத்துக்கும் 'பொறுமை'ன்னு ஒரே முத்திரை குத்தறோம்.

7. எந்திரத்தின் பொறுமை

என் தொழிலிலேயே 'பேஷன்ஸ்' என்று ஒரு சொல் இருக்கு. கேராஸ் என்ற மென்பொருள் நூலகத்தில் ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும்போது, எப்போ நிறுத்தறதுன்னு சொல்ல 'பேஷன்ஸ்' என்ற பேர்ல ஒரு எண் கொடுக்கணும். பத்துன்னு கொடுத்தா, பத்துச் சுத்து தொடர்ச்சியா எந்த முன்னேற்றமும் இல்லைன்னா பயிற்சியை நிறுத்திடும். அவ்வளவுதான் அதன் பொறுமை. எவ்வளவு பொறுக்கணும், எது நடக்கலைன்னா பொறுக்கக்கூடாது, பொறுத்து முடிச்சா என்ன செய்யணும் என எல்லாம் எழுத்துல இருக்கு. எந்திரத்துகிட்ட இவ்வளவு கண்ணியமா நடந்துக்கிற நாங்க, திருவொற்றியூர்ல ஒரு அறுபத்தெட்டு வயசுப் பெண்மணிகிட்ட எண்ணே சொல்லாம 'பொறுமைக்கு நன்றி'ன்னு எழுதறோம்.

அந்த வரியை மாத்தச் சொல்லி ஆபீஸ்ல எழுதினேன். ஆங்கிலத்துல இருக்கிறதைத்தான் மொழிபெயர்க்கணும், புதுசா எழுதக்கூடாதுன்னு பதில் வந்தது. நியாயமான பதில்தான், நானே வேற யாருக்காவது அதைச் சொல்லியிருப்பேன். அதனால ஆங்கில வரியையும் சேர்த்து மாத்தணும்னு திரும்ப எழுதினேன். ரெண்டு மீட்டிங், நிறைய மெயில். கடைசியில எங்க ஆப்புல இப்போ இப்படி இருக்கு:

'உங்கள் பணம் இன்னும் போய்ச் சேரவில்லை. தாமதம் எங்கள் பக்கம். 2 நாளுக்குள் சேரும். சேராவிட்டால் உங்கள் கணக்குக்கே திரும்ப வரும். அதற்குப் பிறகும் வராவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள்.'

அழகான தமிழ் இல்ல. 'பொறுமை' என்ற சொல்லே இல்ல. தேதி இருக்கு, ஆள் இருக்கு, இறக்கி வைக்க ஒரு கல் இருக்கு.

அம்மாவோட பணம் நாலாவது நாள் திரும்பி வந்துடுச்சு. அது வேற கம்பெனி ஆப், அந்த வரி இன்னும் அங்கே அப்படியேதான் இருக்கு. நான் மாத்தின வரியை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "ம், இது பரவால்ல"ன்னாங்க. அப்புறம், "ரெண்டு நாள்னு போட்டிருக்கியே, ரெண்டு நாள்ல வருமா?"

வரும்னுதான் சொல்லியிருக்கேன். அந்த 'ஏன்' இப்போ என் பொறுப்பு.